மச்சானின் ஆயுளுக்காக ஒரு துஆ

1

என் அத்தாவைக் கபரில் இறக்கியது நான் இல்லை. என் தங்கை நசீமாவின் புருஷன் ஜாபர். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் எரிச்சல் ஆறவில்லை. கூட இருந்து பார்த்துக்கொண்ட மனுஷன்மேல் பொறாமையா, நீயெல்லாம் உருப்படுவாயா என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களில் இறந்தவரின் மய்யித்தை வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருப்பது வழக்கமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்காக இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைக்கிறவர்கள் இப்போது உண்டு. அத்தா அதை முன்கூட்டியே மறுத்திருந்தார். "எவன் வந்தாலும் வராட்டாலும் பகல் தொழுகைக்கு என்னைத் தூக்கிடணும்" என்று நசீமாவிடம் சொல்லிவைத்திருந்தாராம். அந்த 'எவன்' யாரென்று எனக்குத் தெரியும்.

கபருக்குள் இரண்டு மூன்று பேர் இறங்கி நிற்க வேண்டும். மேலிருந்து கொடுக்கிற உடலைக் கையில் வாங்கிக் கீழே கிடத்தி, கஃபன் துணியின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து, முகத்தை மேற்கே கிப்லா பக்கம் திருப்பி வைக்க வேண்டும். மகன் இருந்தால் மகன் இறங்குவான். அத்தாவுக்கு நான் ஒரே மகன். அந்த ஒரே மகன் அன்றைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வண்டியின் இரும்புப் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரப் பையன் யாரோ வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான். பாதி நேரம் அவன் செருப்பும் மற்றவர்களின் தொப்பியும்தான் தெரிந்தன. ஒருவழியாகக் குழி தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் ஜாபர் மச்சான் கையை ஊன்றி உள்ளே இறங்கினார். அத்தோடு படம் நின்றுவிட்டது. மறுபடி சிக்னல் வந்தபோது எல்லோரும் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்துபோனார்கள்.

அப்பா சாவில் எனக்குக் கிடைத்தது மச்சானின் முதுகு. மற்றதெல்லாம் அவருக்குக் கிடைத்தது.

2

நாங்கள் வீட்டை விட்டது அதே நாளில். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

என் மனைவி ஷமீம் நர்ஸ். உள்நாட்டுச் சின்ன ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை. ஆறு வாரம் இங்கே, எட்டு வாரம் அங்கே என்று ஒப்பந்தத்தில் கூப்பிடுவார்கள். எனக்கு லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கிற வேலை. மடிக்கணினி இருந்தால் போதும், எங்கிருந்தும் செய்யலாம். மகள் சாரா படிக்க மெல்போர்னில் தோழிகளோடு தங்கப் போய்விட்டாள். பிறகு எதற்கு ஒரு வீடு என்று ஷமீம்தான் ஆரம்பித்தாள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு கேரவன் வாங்கினோம். நம்ம ஊர் சினிமாக்காரர்கள் வைத்திருப்பது போலக் கற்பனை செய்ய வேண்டாம். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பெட்டி அது. கட்டில், அடுப்பு, எதிரெதிரே இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான்.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்தோம். ஒன்றரைக்கு நசீமா கூப்பிட்டாள். "அண்ணா, அத்தா மவுத் ஆயிட்டாங்க" என்றாள். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் அன்றைக்கே விமானம் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது, ஆனால் மூணாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போதாவது இருந்திருப்பேன். இந்தியா வருவதற்கான என் அட்டையும் பாஸ்போர்ட்டும் எங்கே என்று தேடினால், வாடகைக் கிடங்கில் அடுக்கிவைத்த முப்பத்தேழு அட்டைப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில். பெட்டிகளின்மேல் ஷமீம் அழகாக எழுதியிருந்தாள். 'சமையல்', 'போர்வை', 'சாரா ஸ்கூல்'. 'பாஸ்போர்ட்' என்று எதிலும் இல்லை. ஐந்தாம் நாள் அது 'மிக்சி' என்று எழுதிய பெட்டியில் கிடைத்தது. அதற்குள் நசீமா, "இனிமே ஓடி வந்து இன்னா பண்ணப் போறண்ணா, நாப்பதுக்கு வா" என்றாள். நாற்பதாம் நாளுக்கும் போகவில்லை. ஷமீமுக்குப் புது ஊர், புது ஆஸ்பத்திரி. வண்டியைத் தனியாக இழுக்க அவளுக்குத் தெரியாது. இப்படிக் காரணங்கள் நிறைய இருந்தன, எல்லாமே உண்மையான காரணங்கள்தான். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

3

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அத்தாவுக்கு ஒரு குஷன் கடை. ஆட்டோ சீட், வேன் சீட், பைக் சீட் எல்லாம் தைப்பார். இப்போது மச்சான் நடத்துகிறார். அத்தா காலத்தைவிட இப்போது கூட்டம் அதிகம், கால் டாக்சிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மச்சான் இருபத்தைந்து வயதில் அங்கே தையல்காரராகச் சேர்ந்தவர். அவர் வேலையைப் பார்த்துத்தான் அத்தா நசீமாவைக் கட்டிக் கொடுத்தார்.

அம்மா போன பிறகு அத்தா ஊரப்பாக்கத்தில் நசீமா வீட்டோடு போய்விட்டார். அங்கிருந்துதான் எனக்குத் தொந்தரவு ஆரம்பம். சின்ன வயதிலிருந்து என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது "தம்பி..." என்றார்.

"சொல்லுங்கத்தா."

"உன்ன இல்லப்பா. ஜாபர கூப்ட்டேன். ஃபேன் போடச் சொன்னேன்."

நான் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, கழுவிய தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினேன். 'என்ன ஆச்சு' என்று ஷமீம் கேட்டாள். மாப்பிள்ளையைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டார் என்று ஐம்பது வயது ஆம்பளை எப்படிச் சொல்வது?

பிறகு கோவளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் அத்தாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ப் படகு வந்ததும் மீன் வாங்கிவருவார். நசீமா எனக்கு போட்டோ அனுப்புவாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். பக்கத்தில் மச்சான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னை ஒருநாளும் அத்தா கோவளம் கூட்டிப்போனதில்லை. நான் ஊரில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். ஓய்வெடுத்த அத்தா என்றொருவர் இருந்தார். அவரை நான் போட்டோவில்தான் பார்த்தேன்.

கேரவன் வாங்கியதும் அத்தாவுக்கு வீடியோவில் சுற்றிக் காட்டினேன். அடுப்பைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை.

"அந்த பெஞ்சு மேல கைய வச்சு அழுத்திக் காட்டு" என்றார்.

அழுத்தினேன்.

"இன்னாடா ஸ்பாஞ்சு இது. ஒரு வருசம் தாங்காது. நீளம் அகலம் சொல்லு." சொன்னேன். "ஜாபர் மட்டும் அங்க இருந்தான்னா ரெண்டு நாள்ல சரி பண்ணிக் குடுத்துடுவான்."

"அவரு ஏன்த்தா இங்க இருக்கப் போறாரு" என்று கொஞ்சம் சுருக்கென்றுதான் சொன்னேன். அத்தாவோடு நான் கடைசியாகப் பேசிய சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

4

வருஷ ஃபாத்திஹாவுக்குப் போனேன். அதற்காக மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். கடையின் கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் அத்தா பேரில் இருந்தது. மச்சான் பேருக்கு மாற்ற வேண்டுமானால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மச்சான் வாயைத் திறந்து கேட்கவில்லை. நசீமாதான் கேட்டாள். "நீ வந்தாக்கா அப்டியே அதையும் முடிச்சிடலாம்ணா."

ஊரப்பாக்கம் வீட்டில் முதல் நாளே தகராறு. மச்சான் டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் தேங்க்ஸ் என்றேன். தட்டை எடுத்தார், தேங்க்ஸ் என்றேன். துண்டு கொடுத்தார், அதற்கும் தேங்க்ஸ்.

"இன்னாத்துக்குண்ணா வூட்டு ஆளுக்குப் போய் தேங்க்ஸ் தேங்க்ஸ்னு" என்றாள் நசீமா. "வேத்தாள் மாதிரி கீது."

அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் டிரைவருக்கு நன்றி சொல்கிற ஊரில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன், நாக்கு தானாகச் சொல்கிறது. ஆனால் அவள் சொன்னதும் சரிதான். சின்னச் சின்னதுக்கெல்லாம் சொல்லிவிட்டால் பெரியதுக்குச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது.

மறுநாள் காலை கபர்ஸ்தானுக்குக் கிளம்பினேன். "இருங்க மச்சான், நானும் வரேன், எடத்தக் காட்றேன்" என்றார் ஜாபர்.

"வேணாம், நானே பாத்துக்கறேன்."

என் அத்தாவின் கபரை எனக்கு இன்னொருத்தர் காட்டுவதா? அவர் முன்னே நடப்பார், இங்கேதான் என்று கையை நீட்டுவார், நான் விருந்தாளி மாதிரி பின்னால் நிற்பேன். அதை என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது. சமையலறையில் நசீமாவிடம் மெல்லக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அவளும் கேள்விப்பட்டதைத்தான் சொன்னாள். "கேட்டாண்ட உள்ள போனா ஒரு வேப்பமரமாம். அதுக்கு அந்தாண்ட மொதோ கபருன்னு அவரு சொல்வாரு."

வேப்பமரம் இருந்தது. அதைத் தாண்டி முதல் கபரும் இருந்தது. எங்கள் ஜமாஅத்தில் கபர்மேல் பேர் எழுதுவது கிடையாது. மண்மேடு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் கல், அவ்வளவுதான். இந்த மேட்டில் நடுவிலும் ஒரு கல் நட்டிருந்தது. மொத்தம் மூன்று. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாவற்றிலும் ஒரு படி அதிகமாகச் செய்து நல்ல பேர் வாங்க வேண்டும் இந்த ஜாபருக்கு, இரண்டு கல் போதாதென்று மூன்றாவதும் நட்டிருக்கிறார் பார் என்று நினைத்தேன்.

பிறகு உட்கார்ந்தேன். யாசீன் ஓத ஆரம்பித்துப் பாதியில் உடைந்து அழுதேன். ஒரு வருஷமாக வராத அழுகை. கேரவனில் அழுதால் பக்கத்து வண்டிக்காரர் வந்து ஆர் யூ ஓகே என்று கதவைத் தட்டுவார், அதற்குப் பயந்தே அழுததில்லை. இங்கே யாரும் தட்டவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து வந்து மேட்டில் ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டது. உங்களைக் கையில் வாங்கி வைக்க முடியாமல் போய்விட்டது அத்தா, என்னை மன்னியுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அந்தச் சுருக்கென்ற வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

வீடு திரும்பும்போது இலேசாக இருந்தது. இந்த ஒன்றாவது என்னுடையது, இதில் மச்சானுக்குப் பங்கில்லை என்று தோன்றியது. நான்கு நாள் தொடர்ந்து போனேன்.

5

நடுவில் ஒருநாள் அந்தப் பெயர்மாற்றக் கையெழுத்துக்காக இ-சேவை மையம் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு சாராவின் வயதுதான் இருக்கும்.

"சார், நிரந்தர முகவரி?"

"இல்லம்மா."

"தற்காலிக முகவரி இருந்தா அதச் சொல்லுங்க, அதையே போட்டுக்கலாம்."

"நான் வண்டியில இருக்கேன்."

"வண்டி எங்க சார் நிக்குது?"

"இந்த வாரம் ஒரு ஊர். அடுத்த மாசம் வேற ஊரு."

அவள் நாற்காலியைத் திருப்பி என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். "வெளிநாட்டுலேருந்து தான சார் வந்திருக்கீங்க?" வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்கு வீடில்லை என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. "காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது சார். பேசாம உங்க சிஸ்டர் வீட்டு அட்ரஸ் போட்டுடுங்களேன். கேர் ஆஃப் ஜாபர்னு போட்டா முடிஞ்சுது."

கேர் ஆஃப் ஜாபர். இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ படிவங்களில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் அத்தா குடியிருந்த வீட்டைத்தான் எழுதிவந்தேன். அதைக் காலி செய்தாயிற்று. இப்போது அரசாங்கத்துக்கே நான் மச்சானின் பொறுப்பு.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"இதுல யோசிக்க இன்னா சார் இருக்கு" என்றபடி, தட்டச்சு செய்த உறுதிமொழித் தாளை என்னிடம் கொடுத்தாள். "முகவரிய நிரப்பி, கையெழுத்துப் போட்டு எடுத்துனு வாங்க." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது.

6

நான்காம் நாள் காலை. ஓதி முடித்து, தண்ணீர் ஊற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கபர் வெட்டுகிற காதர் பாய் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சலாம் சொன்னேன்.

"எப்ப சார் வந்தீங்க குவைத்லேருந்து?" என்றார்.

"குவைத் இல்ல பாய். ஆஸ்திரேலியா."

"அங்க போய்ட்டீங்களா. நல்லதாப் போச்சு சார், இப்பவாவது வந்தீங்க. அந்தம்மா போய் ஆறு வருசம் ஆவுது. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. புள்ள ஃபாரின்ல கீறாருன்னாங்க. நாலு நாளா நீங்க அழுவறதப் பாத்து எனுக்கே கண்ணு கலங்கிப்பூட்ச்சு."

"எந்தம்மா?"

"உங்கம்மாதான் சார்."

"இது எங்கத்தா கபர், பாய். குஷன் கடை..."

காதர் பாய் என்னையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குஷன் கடை பாய் கபரு அந்தாண்ட இல்ல கீது. ரெண்டு வேப்பமரம் இருந்துச்சு சார் இங்க. அவரு கபராண்ட இருந்த மரம் போன மழைல சாஞ்சுபோச்சு." பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "மூணு கல்லு கீது பாத்தீங்க இல்ல? ஆம்பளைக்கு ரெண்டு கல்லு, பொம்பளைக்கு மூணு. நம்ம ஜமாத்து வழக்கம். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அம்மாவை அவர் பிறந்த ஊரில் அடக்கி மூன்று கல் நட்டபோது நான் பக்கத்தில் நின்றவன். கல்லைப் பார்த்ததும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குக் கல் தெரியவில்லை, மச்சான் தெரிந்தார். நான்கு நாள் யாரோ ஒரு தாயின் கபரில் உட்கார்ந்து அத்தா அத்தா என்று அழுதிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. வெளியே வந்து சாராவைக் கூப்பிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இட்ஸ் ஓகே அத்தா" என்றாள், அவளுடைய ஓட்டைத் தமிழில். "அந்த ஆன்ட்டிக்கும் யாரோ வந்தாங்க இல்ல?"

குவைத்துப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். என்றைக்காவது அவன் வருவான். ஒருத்தர் வந்து நான்கு நாள் உங்கம்மாவுக்காக அழுதுவிட்டுப் போனார் என்று காதர் பாய் அவனிடம் சொல்வார். அவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

7

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். மச்சான் தையல் மிஷினில் ஒரு கார் சீட் உறையை ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

"மச்சான், அத்தா கபரக் காட்டணும் நீங்க."

மிஷின் நின்றது. "நாலு நாளா போய் வந்துகினு கீறீங்களே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மிஷின்மேல் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

"வாங்க" என்று பைக் சாவியை எடுத்தார்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் திடுக்கிட்டேன். சாதாரண பைக் சீட் இல்லை அது. பின்பக்கம் அகலமாக, கொஞ்சம் தாழ்வாக, முதுகுக்குச் சின்னச் சாய்மானம் வைத்துத் தைத்திருந்தது. உட்கார்ந்த இடம் நடுவில் குழிந்திருந்தது.

"அத்தாவுக்கு இடுப்பு வலி. கோவளம் வரைக்கும் உக்காரணும் இல்ல" என்றார் மச்சான், திரும்பாமல். "மாத்தணும்னு பாக்கறேன், மனசு வர்ல."

அந்தக் குழியில் உட்கார்ந்துகொண்டு போனேன். அத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டு போனது இந்த முதுகைத்தான். போனில் எனக்கு நின்றுபோன படமும் இதே முதுகுதான். ரோடு எனக்குத் தெரியவில்லை.

அத்தாவின் கபரில் இரண்டு கல். தலைமாட்டில் கற்றாழை வைத்திருந்தார்கள். பக்கத்தில் மரம் சாய்ந்த பெரிய பள்ளத்தை மண் கொட்டி நிரவியிருந்தார்கள். இருவரும் ஓதினோம். எனக்கு அழுகை வரவில்லை. இருந்ததெல்லாம் அந்த அம்மாவிடம் செலவாகிவிட்டது.

ஒரு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "உள்ள எறங்கனீங்களே மச்சான். எப்படி இருந்தாங்க?"

தொப்பியைச் சரி செய்தார்.

"வெயிட்டே இல்ல மச்சான். மேலேருந்து குடுத்தாங்களா, நா பலமா கைய நீட்டிட்டேன், ஆளு அப்டியே நெஞ்சுல வந்து சாஞ்சுட்டாரு. முடிச்சு அவுத்து மூஞ்சிய திருப்பனேன். கன்னத்துல பஞ்சு ஒண்ணு ஒட்டிகினு இருந்துச்சு. நம்ம கடைப் பஞ்சா, குளிப்பாட்டினப்ப வச்ச பஞ்சான்னு தெர்ல. எடுத்துட்டேன். தூங்கற மாதிரிதான் இருந்தாரு. கடையில மத்தியானத்துல தூங்குவாரே, அப்டி."

நான் தலையாட்டினேன்.

"அப்பறம் மேல ஏறி மூணு பிடி மண்ணு போட்டேன். அப்பறம் இன்னொரு மூணு பிடி போட்டேன். பள்ளிவாசல் ஹஸ்ரத்து கூட இன்னா பாய்னு கேட்டாரு. இது எங்க மச்சானோடதுன்னேன்."

இந்த இடத்தில் நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய்யாகிவிடும். என் மூன்று பிடியும் உங்கள் கையால்தான் விழுந்ததா, அதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்களா என்றுதான் முதலில் தோன்றியது. மறு நிமிஷம், இந்த மனுஷன் இல்லாவிட்டால் என் பங்கு மண் விழாமலே போயிருக்கும் என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன. ஒன்று வந்ததால் இன்னொன்று போய்விடவில்லை.

வாயில் தேங்க்ஸ் வந்தது. கடித்து விழுங்கினேன். பேச்சை மாற்றப் பக்கத்து மண்ணைக் காட்டி, "இந்த எடம் காலியா இருக்கே" என்றேன்.

"ஆமா. மரத்து வேரு இருந்ததால யாரையும் வெக்கல. காதர் பாயாண்ட சொல்லி வச்சிகினு கீறேன், வேற யாருக்கும் தராதன்னு. ரிசர்வேசன்லாம் கெடையாது மச்சான், சும்மா பழக்கத்துக்குச் சொன்னது. நம்ம வூட்டு ஆளுங்களுக்கு இருக்கட்டுமேன்னு."

"நம்ம வீட்ல யாருக்கு?"

மச்சான் சிரித்தார். நான்கு நாளில் முதல் சிரிப்பு. "நீங்களோ நானோ. யாரு முந்திக்கறமோ அவங்களுக்கு."

நான் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில்தான் என்னைப் புதைப்பார்கள். அதைப் பற்றி நானும் ஷமீமும் பேசிச் சிரித்திருக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சானுக்கு என்னைவிட நான்கு வயது அதிகம். சர்க்கரை வேறு இருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து இங்கே வர அரை மணி நேரம் போதும். நான் எங்கேயிருந்து வருவது? இந்தப் போட்டியிலும் அவர்தான் முந்தப் போகிறார். அத்தாவுக்குப் பக்கத்தில் காலம் முழுக்க அவர் படுத்திருப்பார். அத்தா தம்பி என்று கூப்பிட்டால் அவரே பதில் சொல்வார்.

"மச்சான்" என்று அவர் கையைப் பிடித்தேன். "நீங்க நூறு வயசு வரைக்கும் நல்லா இருக்கணும். சுகர் மாத்திரைய விடாம போடுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "ஆமீன்" என்றார். மறுபடியும் "ஆமீன்" என்றார்.

வெளியே வந்து பைக் பக்கத்தில் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தேன். எழுத மேடை தேடி, அத்தாவின் சீட்டின்மேலேயே விரித்தேன். நிரந்தர முகவரி என்ற இடத்துக்கு வந்ததும், "உங்க வூட்டு கதவு நம்பர் இன்னா மச்சான்" என்று கேட்டு எழுதினேன். கேர் ஆஃப் ஜாபர். எழுதும்போது பேனா குழியில் இறங்கியது, கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

8

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. வண்டி இப்போது கடலிலிருந்து பத்து மணி நேரம் உள்ளே ஒரு கோதுமை ஊரில் நிற்கிறது. ஷமீமுக்கு இங்கே எட்டு வாரம்.

அத்தா சொன்னது போல பெஞ்சு ஸ்பாஞ்சு சரியாக ஒரு வருஷத்தில் அமுங்கிவிட்டது. பரவாயில்லை. கிளம்புகிற அன்று மச்சான் இரண்டு பெரிய உருளைகளைக் கயிறு கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். என் கேரவனின் பெஞ்சுக்கு அளவெடுத்தது போலக் குஷன். "அத்தா அளவு எழுதி வச்சிருந்தாரு" என்றார். கச்சிதமாகப் பொருந்திவிட்டது, ஒரு விரற்கடைகூட முன்பின் இல்லை. அதுவும் எரிச்சல்தான். ஆனால் முதுகுவலி போய்விட்டது.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு கையேந்தி துஆ கேட்கிறேன். யா அல்லாஹ், என் மச்சான் ஜாபருக்கு நீண்ட ஆயுளைக் கொடு. அவருக்கு ஒரு நோயும் வராமல் பார்த்துக்கொள். அவர் பிள்ளைகளின் பிள்ளைகளையும் அவர் கண்ணால் பார்க்கட்டும்.

போன வாரம் ஷமீம் இதைக் கேட்டுவிட்டாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஊருக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து உங்களுக்கு மனசு எவ்ளோ நல்லாயிடுச்சு" என்றாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் காதர் பாய்க்கு போன் போட்டு, அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டேன்.